இக்கபோத்தைப் பெற்றவள்



எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெபக்குறிப்புப் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரிப்பது வழக்கம். மும்பையில் தமிழ் மக்கள் நடுவே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊழியம் செய்துவருகிற எனக்கு அந்தச் சீட்டுகளின் போக்கு நன்கு பழகிப்போயிற்று. விவாகமான முதலாண்டில் கர்ப்பத்தின் கனிக்காக ஒரு சீட்டு வரும். பின்பு ஐந்தாம் மாத ஸ்கேன் நல்லபடியாக அமைய ஒன்று, சுகப்பிரசவத்திற்காக ஒன்று. குழந்தை பிறந்தபின் அதன் மஞ்சள் காமாலைக்காகவோ எடைக்குறைவுக்காகவோ ஒன்றிரண்டு வரும். அதன்பின் ஸ்தோத்திரக் காணிக்கை உறை வந்து சேரும். அத்துடன் அந்தத் தாயைக் குறித்த சீட்டுகள் நின்றுபோகும். அவளுடைய மனம் எவ்விதம் இருக்கிறது என்பதைப் பற்றி எழுதிய சீட்டை நான் கண்டது மிகவும் அரிது.

பிள்ளை பெற்றவளுக்கு மகிழ்ச்சியைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது என்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். வேதம் அப்படி எண்ணவில்லை. 1 சாமுவேல் 4-ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஆசாரியனாகிய ஏலியின் மருமகள், பினெகாசின் மனைவி, நிறைகர்ப்பிணியாய் இருக்கிறாள். தேவனுடைய பெட்டி பிடிபட்டதும், மாமனாரும் கணவனும் மாண்டுபோனதும் ஒரே நேரத்தில் அவள் காதில் விழுகின்றன. அந்த அதிர்ச்சியில் பிரசவ வேதனை அவளைப் பிடிக்கிறது. அருகே நின்ற ஸ்திரீகள், அஞ்சவேண்டாம், பிறந்தது ஆண் குழந்தை என்று அவளைத் தேற்றப் பார்க்கிறார்கள். அவளிடமிருந்து மறுமொழி வரவில்லை. அந்தச் சொல் அவள் மனதில் ஏறவே இல்லை. பிள்ளைக்கு இக்கபோத் என்று பேரிட்டுவிட்டு அவள் மரித்துப்போகிறாள்.

இக்கபோத் என்னும் பெயரின் பொருளை விளக்கி, மகிமை விலகிப்போன சபையைக் குறித்துச் செய்யப்படும் பிரசங்கங்களை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். வேதாகமக் கல்லூரியில் எங்களுக்கும் அந்தப் பகுதி அவ்விதமே போதிக்கப்பட்டது. அது சரியான போதனையே. ஆனால் அந்தப் பெயரைச் சொன்ன வாயின்மேல் நம்முடைய கண் தங்குவதில்லை. புதிதாய்ப் பிள்ளை பெற்ற ஒருத்தி, உலகமே மெச்சும் நற்செய்தியைக் கேட்டும் அசையாமல் கிடக்கிறாள். பரிசுத்த ஆவியானவர் அவளுடைய மௌனத்தையும் எழுதிவைக்கச் சித்தமானார். நன்றியில்லாதவள் என்றோ அவிசுவாசி என்றோ அவளைக் கடிந்துகொள்ளும் ஒரு சொல்லும் அங்கே இல்லை.

சுற்றி நின்ற ஸ்திரீகளையும் கவனியுங்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நம்முடைய சபைகளில் பிரசவ வீட்டுக்குப் போகிற தாய்மார் இன்றும் அதையேதான் சொல்லுகிறார்கள். “எத்தனையோ பேர் பிள்ளை இல்லாமல் ஏங்குகிறார்கள், கர்த்தர் உனக்குக் கொடுத்திருக்கிறார், எதற்கு அழுகிறாய்?” இந்த வார்த்தையில் அன்பு உண்டு. எனினும் துக்கத்தில் இருப்பவளுக்கு அது ஒரு வாயடைப்பு. அதற்குமேல் அவள் என்ன பேசுவாள்?

பிரசவித்த மூன்றாம் நான்காம் நாளில் காரணம் தெரியாமல் கண்ணீர் வருவதும், சட்டென்று கோபம் எழுவதும் பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. கர்ப்பகாலத்தில் உடம்பில் பெருகியிருந்த ஹார்மோன்கள் பிரசவமானதும் வேகமாய் இறங்குவதும், உறக்கமின்மையும், வலியும் அதில் சேர்ந்திருக்கின்றன. இரண்டு வாரத்துக்குள் அது தானாகவே அடங்கிவிடும். ஓய்வும் ஆதரவும் அதற்குப் போதும். அந்த இரண்டு வாரத்தைக் கடந்தும் துக்கம் நீங்காமல், குழந்தை உறங்கும்போதும் தனக்கு உறக்கம் வராமல், எதிலும் விருப்பம் அற்று, தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற குற்ற உணர்வு நாள்முழுதும் அழுத்தினால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு நோய். பிரசவத்துக்கு முன்பே, வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே அது தொடங்குவதும் உண்டு. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட கட்டுரையொன்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-இல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் பிள்ளை பெற்ற தாய்மாரில் 100-க்கு 22 பேர் இந்த நோய்க்கு உட்படுகிறார்கள். ஒரு சபையில் ஓராண்டில் பத்துக் குழந்தைகளைப் பிரதிஷ்டை செய்தால், அந்தத் தாய்மாரில் இருவராவது இதைச் சுமந்துகொண்டு நம்முன் நின்றிருக்கக்கூடும்.

இவை இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று உண்டு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், தாயின் புத்தி திடீரென்று கலங்கிப்போகும். உறங்காமல் உலாவுவாள், இல்லாத குரல்களைக் கேட்பாள், குழந்தையைப் பற்றி விபரீதமான காரியங்களை நம்புவாள். இது அவசர நோய். அவளையும் பிள்ளையையும் ஒரு நிமிடமும் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். மறுநாள் உபவாச ஜெபத்துக்குக் கொண்டுவரலாம் என்று காத்திருக்கும் காரியம் அல்ல.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அறியாத தமிழ் விசுவாசி இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஸ்திரீகள் பிரசவத்தில் மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவ ஊழியத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த வரலாறு நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிரசவ மரணத்தின் நிமித்தம் பிறந்த அந்த நிறுவனத்தார் பிற்காலத்தில் தாயின் மனதையும் ஆராய்ந்தார்கள். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து அவர்கள் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. முன்பு இல்லாதிருந்து பிரசவத்துக்குப் பின் புதிதாய் மனச்சோர்வு கண்டவர்கள் 100-க்கு 11 பேர். எவையெவை அதற்கு வழிசெய்தன என்றும் அவர்கள் பார்த்தார்கள். குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண்பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் இருந்த மனக்கசப்பு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு உதவ ஆள் இல்லாமை. இந்தப் பட்டியலை முதன்முதல் வாசித்தபோது எங்கள் பகுதியின் வீடுகள் ஒவ்வொன்றாய் என் கண்முன் வந்தன.

கிராமத்தில் தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண்ணை அழைத்துக்கொண்டு போவார்கள். பிரசவமான பின் அவள் பச்சை உடம்புக்காரி. தண்ணீரில் கைவைக்க விடமாட்டார்கள். பூண்டும் கருவாடும் சேர்த்த பத்தியக் குழம்பும், லேகியமும், வெந்நீர்க் குளியலும் நேரத்துக்கு நடக்கும். பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு பெரியம்மா, இரவில் தோளில் போட்டு நடக்க ஒரு சித்தி. அந்த வழக்கங்களில் எல்லாம் மருத்துவம் இருக்கிறது என்று நான் வாதாட வரவில்லை. பச்சைத் தண்ணீரே குடிக்கக் கூடாது என்பது போன்றவை தீமையே செய்யும். ஆனால் நாற்பது நாள் அவளைத் தனியே விடுவதில்லை என்பதுதான் அதன் உள்ளிருந்த நன்மை. லேவியராகமம் 12-ஆம் அதிகாரத்திலும் ஆண்பிள்ளைக்கு 40 நாள், பெண்பிள்ளைக்கு 80 நாள் என்று பிள்ளை பெற்றவளுக்கு நாட்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல. ஆயினும் அந்த நாட்களில் அவள் வழக்கமான ஓட்டத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்டிருந்தாள் என்பதை மறக்கலாகாது.

பட்டணத்தில் அந்த நாற்பது நாள் கிடைப்பதில்லை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வாழும் நம் ஜனங்களுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையே வீடு. ஊரிலிருந்து தாயார் ரயிலேறி வந்தாலும் அவர் படுக்க இடமில்லை. ஊரில் ஆடு, மாடு, மற்றப் பிள்ளைகள். இருபதாம் நாளோ இருபத்தைந்தாம் நாளோ கண்ணீரோடு திரும்பிவிடுவார். கணவன் விடுப்பு எடுத்தால் கூலி இல்லை. 2017-இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்திய சட்டம், பதிவுபெற்ற நிறுவனங்களில் வேலைசெய்யும் சகோதரிகளுக்கு உதவியது. வீட்டுவேலைக்குப் போகிறவர்களுக்கும் தையல் கூடத்தில் துண்டுக்கூலிக்கு அமர்ந்திருக்கிறவர்களுக்கும் அந்தப் பேச்சே இல்லை.

ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சகோதரியின் அனுமதியோடும், அடையாளங்களை மாற்றியும் எழுதுகிறேன். கணவன் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை. இரண்டாவது பிரசவம், அறுவை சிகிச்சை. வீடு மாடியில், ஏறி இறங்க வெளியே செங்குத்தான இரும்பு ஏணி. தையல் ஆறாத வயிற்றோடு அவள் அந்த ஏணியில் ஏறினாள். பிறந்தது இரண்டாவதும் பெண். ஊரிலிருந்து வந்த தாயார் திரும்பிப்போன பின், மாமியார் மட்டும் இருந்தார். ஐந்தாம் வாரத்தில் அவர் என்னிடம் வந்தார்.

“ஐயா, அவ சரியா இல்ல. குளிக்கிறதில்ல, தலை சீவுறதில்ல. பிள்ள அழுதா சுவரப் பாத்துக்கிட்டு இருக்கா. ஏதோ ஆவி சேட்டை பண்ணுது. எண்ணெய் பூசி ஜெபம் பண்ணி விரட்டுங்க.”

நான் பெந்தெகொஸ்தே போதகன். பிசாசின் கிரியை இல்லை என்று சொல்லுகிறவன் அல்ல. எண்ணெய் பூசி ஜெபிக்கிறவன். ஆனால் மத்தேயு 4:24-இல் நம் ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களைச் சுவிசேஷகன் எண்ணும்போது, வியாதிக்காரரை வேறாகவும் பிசாசு பிடித்தவர்களை வேறாகவும் எண்ணுகிறான். பிரித்தறியும் வரம் நமக்கு உண்டு என்றால் முதலில் பிரித்துப் பார்க்கவேண்டாமா? சீலோவில் அன்னாள் உதடுமட்டும் அசைய ஜெபித்தபோது, ஏலி அவளைக் கேளாமலே குடிவெறி என்று தீர்த்துவிட்டான். ஆசாரியனாகிய அவனே ஒரு ஸ்திரீயின் மனத்துயரை அவ்வளவு தவறாய் வாசித்தான் என்றால், போதகர்களாகிய நாம் எவ்வளவு நிதானமாய் இருக்கவேண்டும்.

என் மனைவியை அனுப்பினேன். அவள் முதல் நாள் ஏணி ஏறிப்போய், பேசாமல் பாத்திரங்களைத் துலக்கிவைத்துவிட்டு வந்தாள். இரண்டாம் நாள் துணிகளைத் துவைத்தாள். மூன்றாம் நாள் மாமியாரைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சகோதரி தானாய்ப் பேசத் தொடங்கினாள்.

“பாஸ்டரம்மா, இது யாரோ வீட்டுப் பிள்ள மாதிரி இருக்கு. பால் குடுக்குறேன், ஆனா ஒண்ணும் தோணல. ஆராதனையில எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லும்போது எனக்கு வாய் வரல. கர்த்தர் என்னைய விட்டுட்டாரோன்னு இருக்கு.”

என் மனைவி அவளிடம் வெளிப்படையாய், “சாகணும்னு தோணுதாம்மா?” என்று கேட்டாள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது உண்மையல்ல. கேட்கிற ஒருவர் கிடைத்தாரே என்ற ஆறுதல்தான் உண்டாகும். அவள் தலையசைத்தாள். அன்று பிற்பகலே அவளையும் குழந்தையையும் கணவனையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றோம். மருத்துவர் இந்தியில் கேட்க, என் மனைவி தமிழில் சொன்னாள். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதைப்போலவே சோர்வை உண்டாக்கும் என்பதால் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பாலூட்டும் தாய்மார் உட்கொள்ளத்தக்க மாத்திரை கொடுத்தார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், தெளிந்ததும் நிறுத்திவிடக் கூடாது, மாதக்கணக்கில் தொடரவேண்டும் என்று எச்சரித்தார்.

சபையில் எழுந்த காரியம் அதைவிடக் கடினமாயிருந்தது. மூப்பர்களில் சிலர் அவளுக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவித்தார்கள். அவளும் உபவாசித்து வந்து அமரவேண்டும் என்றார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளைப் பட்டினி போட நான் சம்மதிக்கமாட்டேன் என்றேன். அவளுக்காக நாம் உபவாசிப்போம், அவள் மூன்று வேளையும் சாப்பிடட்டும். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாத்திரை விஷயம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. மருந்தையே தொடாத உபதேசத்தில் வளர்ந்த மூப்பர் ஒருவர், எனக்கு மூத்தவர், நான் மதிக்கிறவர், எழுந்து கேட்டார்: “காய்ச்சலுக்கு மாத்திரை போடுறதக்கூட விட்டுரலாம், பாஸ்டர். மனசுக்கு மாத்திரை போட்டா விசுவாசம் எங்க இருக்கு? தேவ சமாதானத்த மாத்திரையிலயா வாங்குறது?”

நேர்மையான கேள்வி. எசேக்கியா ராஜாவைக் காட்டிப் பதில் சொன்னேன். அவன் பிழைப்பான் என்றும், 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்படும் என்றும் கர்த்தரே வாக்குப்பண்ணிவிட்டார். அதற்குப் பின்புதான் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லுகிறான். அதைப் பிளவையின்மேல் வைக்கிறார்கள். வாக்குத்தத்தம் இருக்க அத்திப்பழம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மூளையும் தேவன் படைத்த அவயவமே. ஈரல் நோயுறும், இருதயம் நோயுறும். மூளை மட்டும் நோயுறாது, அது நோயுற்றால் பாவம் என்று எந்த வசனத்தில் இருக்கிறது? தேவ சமாதானம் மாத்திரையில் வராது என்பதை நானும் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் அந்தச் சமாதானத்தின் செய்தியைக் கேட்கிற காது அவளுக்குத் திறக்கவேண்டுமே!

மூப்பர் சமாதானமாகவில்லை. சில வாரங்களில் அவரும் மூன்று குடும்பங்களும் வேறு ஐக்கியத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இருந்த இடம் இன்றும் எனக்கு வெறுமையாய்த் தோன்றுகிறது. என்றாலும் அந்தத் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளும்படி ஒன்றும் நேரவில்லை. அந்தச் சகோதரி ஆறாம் வாரத்தில் தலை சீவிக்கொண்டு வந்தாள். பாட்டுப் பாட வாய் திறக்க மூன்று மாதமாயிற்று. மாமியார் மட்டும் தம்முடைய எண்ணெய்ப்பூசுதலால்தான் குணமாயிற்று என்று இன்றைக்கும் சொல்லிவருகிறார். சொல்லட்டும், எண்ணெயும் பூசித்தான் இருந்தேன்.

மனநல மருத்துவமனை என்றதும், பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் பல தாய்மாரை வாய்திறக்க விடாமல் செய்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்று கூறுகிறது. தாயால் பிள்ளைக்கு ஆபத்து நேரும் என்று மருத்துவர் கருதினால் மட்டுமே தற்காலிகமாய்ப் பிரிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் ஒருமிக்கச் சேர்த்துச் சிகிச்சை செய்யும் தனிப்பிரிவே 2009 முதல் உண்டு. அந்நகரத்துத் தமிழ்ச் சபையார் இதை அறிந்திருப்பது நலம்.

தகப்பன்மாரைப் பற்றியும் சொல்லவேண்டும். பிள்ளை பிறக்கும் காலத்தை ஒட்டி அவர்களிலும் ஏறக்குறைய 100-க்கு 10 பேர் மனச்சோர்வு அடைவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் கண்டறிந்தார்கள். ஆண்களுக்கு அது அழுகையாய் வெளிப்படுவது குறைவு. எரிச்சல், வீட்டுக்குத் தாமதமாய் வருதல், சிலருக்கு மறுபடியும் குடி. நவி மும்பையில் இரவுப்பணி செய்யும் வாலிபன் ஒருவன், பிள்ளை பிறந்த பின் ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உறங்கிக்கொண்டிருந்தான். உக்கிராணக்காரர் தட்டி எழுப்பப் போனார். நான் கைகாட்டித் தடுத்தேன். பின்பு பேசிப்பார்த்ததில், மருத்துவமனைச் செலவுக்கு வாங்கிய வட்டிக் கடனை மனைவியிடம் சொல்லாமல் மறைத்துக்கொண்டு, நாலு மாதமாய்ப் பகலிலும் ஒரு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. “நீ தைரியமா இரு, நீதான் அவளுக்குத் தைரியம் சொல்லணும்” என்று நாம் எல்லாரும் அவனுக்குச் சொல்லியிருந்தோம். அவனுக்கு யார் சொல்லுவது?

பிரசவ அறையைக் குறித்தும் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து விவாகமாகி வந்து ஓராண்டே ஆன பெண்ணுக்கு இந்தியும் வராது, மராட்டியும் வராது. வேதனையில் கிடக்கிறவளிடம் செவிலியர் சொல்லுகிறது விளங்காது. அவள் கேட்கிறது அவர்களுக்கு விளங்காது. கத்தாதே என்ற அதட்டல் மட்டும் எல்லா மொழியிலும் விளங்கும். அரசு மருத்துவமனைகளில் பிரசவ வேளையில் ஒரு பெண் துணை உடனிருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வழிகாட்டியிருக்கிறது. தானும் பிள்ளை பெற்றவளாய், தொற்றுநோய் இல்லாதவளாய், சுத்தமான உடையோடு, மருத்துவர் வேலையில் குறுக்கிடாதவளாய் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. இடநெருக்கடியால் எல்லா இடத்திலும் அனுமதிப்பதில்லை. ஆனாலும் முன்கூட்டியே பணிவாய்க் கேட்டால் பல இடங்களில் கிடைக்கிறது. இந்த மண்ணிலேயே பிறந்து, மராட்டிப் பள்ளியில் படித்து, நம்மிடம் தமிழும் பேசுகிற சகோதரிகள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். பாடகர் குழுவில் நிற்பதைவிடப் பெரிய ஊழியம் அவர்களுக்கு அங்கே காத்திருக்கிறது என்பது என் எண்ணம். மரியாள் எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள் என்று லூக்கா எழுதுகிறான். இரண்டு கர்ப்பிணிகள், ஒருத்தி முதியவள், ஒருத்தி இளையவள். அந்த மூன்று மாதம் அவர்கள் தினமும் கீதம் பாடிக்கொண்டு மட்டுமா இருந்திருப்பார்கள்? வாந்தியையும் கால்வீக்கத்தையும் ஊரார் பேச்சையும் பற்றிப் பேசியிருக்கமாட்டார்களா?

எங்கள் சபையில் இப்போது சில காரியங்களை மாற்றியிருக்கிறோம். பிரதிஷ்டை நாளில் தாயை எழுப்பிச் சாட்சி சொல்லவைப்பதில்லை. மனமிருந்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்கலாம். பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் மேடையில் ஒரே வார்த்தைகளால் ஜெபிக்கிறேன். “அடுத்ததை ஆண்பிள்ளையாய்த் தாரும்” என்று பின்னாலிருந்து ஜெபிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். எடின்பர்க் அளவுகோல் என்று 1987-இல் வகுக்கப்பட்ட பத்துக் கேள்விகள் உண்டு. கடந்த ஏழு நாட்களில் மனம் எப்படி இருந்தது என்று தாயே குறித்துக்கொள்வது. அதைத் தமிழிலும் வேலூரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் அதை வைத்து யாருக்கும் நோய் தீர்மானிப்பதில்லை. அது மருத்துவர் வேலை. எங்கள் சபையில் செவிலியராய் இருக்கும் சகோதரி ஒருவர் ஆறாம் வாரத்தில் அதைத் தாயின் கையில் கொடுக்கிறார். பத்தாவது கேள்வி தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதில் இல்லை என்பதைத் தவிர வேறெதைக் குறித்தாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போகிறோம். 14416 என்னும் டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண்ணும் பலருக்கு உதவியிருக்கிறது. மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, இரவும் பகலும் தமிழிலும் பேசலாம். தாய் தானாய்ப் பேசவேண்டுமென்பதில்லை. கணவனும் பேசிக் கேட்கலாம்.

மற்றபடி நாங்கள் செய்வது பெரும்பாலும் கைவேலைதான். எலியா சூரைச்செடியின்கீழ்ச் சாவைக் கேட்டுப் படுத்தபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, உண்டபின் மறுபடியும் உறங்கவிட்டான். இரண்டாம் முறை எழுப்பி மறுபடியும் உண்ணக் கொடுத்தான். ஓரேபின் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். பிரசவ வீட்டுக்குப் போகிற தாய்மாருக்கு இதை ஒரு முறைமையாகவே சொல்லியிருக்கிறேன். கேட்கவேண்டிய முதல் கேள்வி, “நேத்து ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குனம்மா?” என்பது. பிள்ளை யாரைப்போல் இருக்கிறது என்பதெல்லாம் பின்பு.

இதில் ஒரு சங்கடம் தீரவில்லை. போகக்கூடிய தாய்மாரும் வேலைக்குப் போகிறவர்களே. காலை ஏழு மணிக்கு நாலு வீட்டில் பாத்திரம் துலக்கப் புறப்படுகிறவரை, போகிற வழியில் இன்னொரு வீட்டிலும் சம்பளமில்லாமல் துலக்கு என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் அவர்களே வழிகண்டார்கள். எங்கள் பகுதியில் குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலையில் சில மணி நேரம் மட்டும். ஆகவே எல்லாரும் எப்படியும் எழுந்திருக்கிற வேளை அது. இந்த மாதம் பிரசவமான வீடுகள் மூன்று. ஆறு தாய்மார் முறைவைத்துப் போகிறார்கள். கீழே குடத்தை நிரப்பி மேலே ஏற்றிக் கொடுத்துவிட்டு, இராமுழுதும் விழித்திருந்தவளின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, அவளைப் படுக்கச் சொல்லுகிறார்கள். ஜெபம் அவள் உறங்கி விழித்த பின்.